பெட்டி சத்தம் போடட்டும்

சாம்பிராணிப் புகைக்குள் அன்றைக்கு இன்னொரு புகையும் இருந்தது. எங்கள் இருவருக்கும் அது தெரியவில்லை.

நவராத்திரியின் கடைசி நாள். பகல் பதினொரு மணியிருக்கும். வெளியே சுவிட்சர்லாந்தின் ஓல்டன் நகரத்து வழக்கமான மூடுபனி. ரயில் போகிற சத்தம் கேட்கிறது, ரயிலைக் காணவில்லை. எங்கள் வரவேற்பறையில் சரஸ்வதி படத்துக்கு முன்னால் ஒரு வெள்ளைத் துணியை நாலாக மடித்து விரித்து, அதன்மேல் எல்லாவற்றையும் அடுக்கியிருந்தோம். மகளுடைய பழைய பாடப் புத்தகங்கள். என் கணவருடைய கத்திகள் ஏழு. அவர் எங்கடின் மலைப்பகுதியில் ஒரு ஹோட்டலில் சமையற்காரர். கோடைப் பருவம் முடிந்து, முதல் நாள்தான் கத்திகளைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்திருந்தார்.

கத்திகளுக்குப் பக்கத்தில் என்னுடைய கணினிப் பெட்டி.

வருடத்தில் ஒரு நாள் தொழிற் சாமான் சாமிக்கு முன்னால் இருக்க வேண்டும். அவருக்குக் கத்தி என்றால் எனக்கு அது. சம்பளத்துக்கு நான் ஒரு முதியோர் இல்லத்தின் சலவை அறையில் நிற்கிறேன். சலவை யந்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்து பொட்டு வைக்க முடியாது. மற்ற நேரமெல்லாம் நம்மவர்களின் பிறந்தநாள், பிள்ளை பெரியவளாகும் சாமத்தியச் சடங்கு, நடன அரங்கேற்றம் என்று எடுக்கிற வீடியோக்களை வெட்டி, ஒட்டி, பார்க்கக்கூடிய படமாக்குகிறேன். யாரும் படிப்பிக்கவில்லை. பிழைவிட்டுப் பிழைவிட்டுப் பழகியது.

அன்று காலை, பெட்டியை மேசையிலிருந்து இறக்கித் துணிமேல் வைத்தேன். மேசை பக்கத்திலேயே இருந்ததால் வயர்களை எட்டச் செய்துவிட்டேன். நல்ல நேரம் பார்த்து, ஓர் அரங்கேற்றப் படத்தின் வெட்டி ஒட்டிய முதல் பாதியை ஒரே படமாக வட்டில் எழுதி முடிக்கும்படி கட்டளை கொடுத்தேன். மணிக்கணக்காகும் வேலை. திரையை அணைத்துவிட்டுக் கடலை அவிக்கக் குசினிக்குப் போனேன்.

அவர் குளித்து, திருநீறு பூசிக்கொண்டு வந்து எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு வைத்தார். குங்குமம் வைத்தார். பூ வைத்தார். பிறகு, வெறும் பெட்டியாகக் கிடக்கிறதே என்று நினைத்தாரோ என்னவோ, எங்கள் கலியாணத்துக்குப் போட்ட பட்டுச் சால்வையை எடுத்து மடித்து அதன் தலைமேல் போர்த்தினார். மிகவும் மரியாதையாகப் போர்த்தியிருந்தார். ஓர் ஓட்டைகூட வெளியே தெரியவில்லை.

பாடினோம். மணி அடித்தோம். சாம்பிராணி காட்டினோம்.

"இண்டைக்குச் சாம்பிராணி ஒரு மாதிரி மணக்குது, என்ன?" என்றார்.

"புதுப் பக்கெட்" என்றேன் நான்.

கற்பூரத் தட்டைக் கையில் எடுத்த நேரம் 'டக்' என்று ஒரு சத்தம். வீடு முழுக்க மின்சாரம் போய்விட்டது. குளிர்சாதனப் பெட்டிகூட ஒரு முறை நடுங்கி நின்றது. அப்போதுதான் இருவரும் ஒரே நேரத்தில் பட்டுச் சால்வையைப் பார்த்தோம். நான் இழுத்து எடுத்தேன். இப்போதுதான் இஸ்திரி போட்டதுபோல் சுட்டது.

"உது ஓடிக்கொண்டோ இருந்தது?" என்றார் அவர்.

"காலமை தொடக்கம்."

"ஒரு சத்தமும் கேக்கேல்லையே!"

"அதுக்குத்தானே அந்தப் பெட்டி வாங்கினது" என்றேன்.

என்ன போகவிருந்தது

என் வீட்டுக்காரர் நான் பத்திரிகைக்கு எழுதுகிற இந்தத் தொடரை ஒவ்வொரு கிழமையும் படிக்கிறார். தன்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தையும் வரவில்லை என்று குறை. இந்தக் கிழமை முதல் பாதியிலும் வராது. கொஞ்சம் பொறுக்கட்டும்.

பழுது பார்க்கிறவர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னது இவ்வளவுதான்: மின்சாரம் வழங்கும் பகுதி எரிந்துவிட்டது, போகிற போக்கில் தாய்ப்பலகையையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. அந்தப் பகுதி பெட்டியின் அடியிலிருந்து காற்றை உறிஞ்சுவது. அடியில் நாலாக மடித்த வெள்ளைத் துணி. மேலே பட்டு. முன்னால் தடித்த கதவு. மனிதனைப் பாயில் சுருட்டி வைத்துக்கொண்டு ஓடு, ஓடு என்று சொன்னதுபோல. உள்ளே விசிறியின் இதழ்களில் ஒட்டியிருந்த சிவப்புத் தூள் என்ன என்று கேட்டார். குங்குமம் என்பதை ஜெர்மனில் விளங்கப்படுத்த எனக்கு ஐந்து நிமிடம் எடுத்தது.

படம் எழுதியிருந்த வட்டு தப்பிவிட்டது. அது பெரிய விஷயம். ஆனால் நேரம் தப்பவில்லை.

அந்த அரங்கேற்றம் சாந்தியின் மகளுடையது. சாந்தி என்னைவிடப் பத்து வயது இளையவர், பிள்ளைகள் காப்பகத்தில் வேலை. மகள் ஆடியதை உறவினருக்குப் போட்டுக் காட்ட ஒரு சின்ன மண்டபத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு எடுத்து, எல்லாருக்கும் சொல்லியும் விட்டார். அதற்கு மூன்று கிழமை இருந்தது. படத்தை என்னிடம் தந்ததே சண்டை பிடித்துத்தான். கிரேனில் தூக்கி இறக்கும் கமரா வைத்திருக்கிற ஸ்டூடியோக்காரர் இருக்க, சலவை அறையில் வேலை செய்கிற பெண்ணிடமா கொடுக்கிறாய் என்று அவருடைய சொந்தக்காரரே கேட்டிருந்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை வெறும் திரை தொங்கினால் அதற்குப் பிறகு ஓல்டனிலிருந்து ஒருவரும் எனக்கு ஒரு பிறந்தநாள்கூடத் தரமாட்டார்கள். அது எனக்கும் தெரியும், சாந்திக்கும் தெரியும், ஸ்டூடியோக்காரருக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

புதிதாகக் கட்ட வேண்டும் என்று முடிவெடுத்தேன். அதற்குள் ஆலோசனைகள் வரத் தொடங்கின.

"இஞ்சரும், லாப்டொப் ஒண்டை வாங்கும். வேலை முடிய மடிச்சு அலுமாரிக்கை வைக்கலாம்" என்றார் கணவர். லாப்டொப்பில் என் வேலை நடந்து முடிய அடுத்த நவராத்திரி வரும் என்றேன். "அப்ப கீழை கெலருக்குள்ளை கொண்டுபோய் வையும். சைக்கிளுக்குப் பக்கத்திலை இடம் கிடக்கு." கெலர் என்பது இங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் நிலத்தடியில் இருக்கிற கம்பி வலை அறை. அங்கே ஸ்கீயும் உருளைக்கிழங்கும் இருக்கும்.

அவருடைய தம்பி ரமணன் சூக் நகரத்திலிருந்து தொலைபேசி எடுத்தார். ஓர் அலுவலகத்தில் கணினிகளைப் பார்க்கிற வேலை அவருக்கு. எங்கள் குடும்பத்தில் கணினி என்றால் அவர் சொல்வதுதான்.

"அண்ணி, இப்ப சின்னப் பெட்டியள் வந்திருக்கு. சப்பாத்துப் பெட்டியளவு. டிவி அலுமாரிக்கை வைச்சுக் கதவைச் சாத்தினால் ஆருக்கும் தெரியாது."

"ஏன் தம்பி, நான் என்ன களவோ எடுக்கிறன்?"

"இல்லை அண்ணி, வீட்டு வடிவுக்குச் சொன்னன்."

எல்லாருடைய ஆலோசனையும் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வந்தது. வேலை நடக்கலாம். காணவும் கூடாது, கேட்கவும் கூடாது.

சத்தமில்லாத பெட்டி வந்த கதை

செத்துப்போன பெட்டியும் ரமணன் தெரிந்தெடுத்ததுதான். அதற்கு முன்னால் என்னிடம் ஒரு பழைய தகரப் பெட்டி இருந்தது. ஒரு நாள் தபால்பெட்டியில் ஒரு கடிதம் கிடந்தது. கீழ் வீட்டு ஃப்ராவ் (திருமதி) எக்கர் எழுதியது. அழகான கையெழுத்து, முதல் வரியில் நலம் விசாரிப்பு, கடைசி வரியில் நன்றி. நடுவில் ஒரே ஒரு விஷயம்: உங்கள் வீட்டிலிருந்து ஓர் இரைச்சல் வருகிறது.

சுவிட்சர்லாந்தில் பக்கத்து வீட்டுக்காரர் திட்டினால் பயமில்லை, கடிதம் எழுதினால்தான் பயம். அகதி முகாமில் இருந்த காலம் தொடக்கம் எங்களுக்குக் கடிதம் என்றால் கட்டளைதான். இருக்கவா போகவா என்பதையெல்லாம் கடிதத்தில்தானே சொன்னார்கள். அன்றைக்கே பிரச்சினையை முடிக்க வேண்டும் என்று எனக்கு அவசரம். கணவருக்கு என்னிலும் அவசரம்.

ரமணன் ஒரு கறுப்புப் பெட்டியைக் கொண்டுவந்தார். உள்ளே மெத்தைபோல் பஞ்சு ஒட்டிய சுவர். முன்னால் குளிர்சாதனப் பெட்டியின் கதவுபோல் ஒரு கதவு. மூடினால் 'ப்ளப்' என்று காற்றை விழுங்கும். ஓடுகிறது என்று காட்டுகிற விளக்கும் அந்தக் கதவுக்குப் பின்னால். காதை வைத்தால்கூட ஒன்றும் கேட்காது. "ரோல்ஸ் ரொய்ஸ் கார் அண்ணி இது" என்றார்.

கோடையில் அது சுட்டது. படம் எழுதும்போது வேகம் குறைந்தது. நான் முன் கதவைத் திறந்து வைப்பேன். கணவர் லீவில் வந்தால் சாத்திவிடுவார். ஒருவருக்கும் இடைஞ்சல் இல்லாமல் அது வருடக்கணக்காக உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தது. நானும் நல்ல பெட்டி, நல்ல பெட்டி என்று எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

மரியா சொன்னது

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. ஆட்கள் வாயில் தற்செயலாக வருகிற நல்ல பேச்சுகளைச் சலவைச் சிட்டைகளின் பின்பக்கத்தில் எழுதி வைப்பேன். ஒரு சப்பாத்துப் பெட்டி நிறைய இருக்கிறது. (ரமணன் சொன்ன சின்னக் கணினியைவிட அது பெரிது.) அதில் பாதிக்கு மேல் மரியாவுடையவை. போர்த்துக்கல்காரி. இருபது வருடமாக என்னோடு அதே சலவை அறையில் நிற்கிறாள்.

எங்கள் இருவருக்கும் ஜெர்மன் அரைகுறை. அதனாலேயே அவள் சுற்றி வளைப்பதில்லை. ஒரு நாள் புதிதாக வேலைக்கு வந்த ஒருத்தி, உலர்த்தும் யந்திரம் இப்படிச் சத்தம் போடுகிறதே என்று பயந்தாள். மரியா திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்: "அது சத்தம் போடட்டும். எப்போது வாயை மூடுகிறதோ அப்போது என்னைக் கூப்பிடு."

எங்கள் வேலையே காதால் செய்கிற வேலை. எட்டு யந்திரம் ஒன்றாக ஓடும். முதுகைக் காட்டிக்கொண்டு படுக்கை விரிப்பு மடித்தபடி, மூன்றாவது யந்திரத்தில் ஒரு காசோ பல்செற்றோ சுற்றுகிறது என்று சொல்லிவிடுவோம். பல்செற் பொய்யில்லை. முதியோர் இல்லம் அல்லவா.

இன்னொன்று, பஞ்சுத் தூசி. உலர்த்தும் யந்திரத்தில் துணியின் பஞ்சு வந்து ஒரு வலையில் படியும். இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை அதை எடுத்து வழிக்க வேண்டும். எங்களிடம் இரண்டு வகை யந்திரம். ஒன்றில் வலை முன்னால், ஒரு கையால் இழுத்தால் வந்துவிடும். மற்றதில் பின்னால், ஆணி கழற்ற வேண்டும். எது எப்போதும் சுத்தமாக இருக்கும், எதிலிருந்து கருகல் மணம் வந்து ஒரு தடவை எல்லாரையும் வெளியே கூட்டிக்கொண்டு போனார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பூசை கழிந்த சனிக்கிழமை கணினிக் கடைக்குப் போனபோது எனக்குக் கணினிப் படிப்பு இருக்கவில்லை. இவ்வளவும் இருந்தது.

கடையில்

ரயில் நிலையத்துக்குப் பின்புறம் ஒரு சின்னக் கணினிக் கடை. தாடி வைத்த விற்பனையாளர், முப்பது வயது இருக்கும், மிகவும் பண்பானவர்.

"மகனுக்கா?" என்று கேட்டார்.

"எனக்கு மகன் இல்லை" என்றேன். "எனக்குத்தான்."

பண்பாக மன்னிப்புக் கேட்டுவிட்டு, பண்பாக என்னை ஒரு கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் கூட்டிப் போனார். முன்னாலும் கண்ணாடி, பக்கத்திலும் கண்ணாடி, உள்ளே பச்சை, ஊதா, சிவப்பு. கலியாண மண்டப வாசல்போல் இருந்தது. காற்று எங்கே போகும் என்று கேட்டேன். கீழே ஒரு கீற்றைக் காட்டினார். மீன்தொட்டியில் மீனுக்கே அது போதாது.

அடுத்தது நான் அறிந்த சாதி: பஞ்சுச் சுவர், தடித்த கதவு. கதவை அவர் சாத்தினார். 'ப்ளப்.' எனக்கு உடம்பு கூசியது.

"மிக அமைதியானது" என்றார்.

"தெரியும். என்னுடையது அமைதியாகவே செத்துப்போனது."

அலுமாரியின் கடைசித் தட்டில் ஒன்று இருந்தது. முன்பக்கம் முழுதும் வலை. வடிவென்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். வலையின் மேல் விளிம்பில் விரலைக் கொடுத்து இழுத்தேன். முழு முகமும் ஒரு கையோடு கழன்று வந்தது. அதன் பின்னால் தூசு வலை, தண்ணீரில் கழுவக்கூடியது. திரும்ப வைத்து அழுத்தினேன். இருந்துகொண்டது. மூன்று முறை கழற்றி மூன்று முறை பூட்டினேன். தாடிக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு காலைப் பார்த்தேன். பெட்டியின் நாலு காலும் என் இரண்டு விரல் உயரம். துணி விரித்து வைத்தாலும் அடியில் காற்றுப் போகும்.

"தலை?" என்று கேட்டேன். அவர் மேற்பலகையைக் காட்டினார். அதுவும் ஓட்டை ஓட்டையாக இருந்தது. "சூடு மேலேதானே எழும்பும், இதுதான் நல்லது."

"எனக்குத் தலை மூடியிருக்க வேண்டும்."

"ஏன்?"

"என் வீட்டில் மேலே சாமான் விழும்."

"என்ன சாமான்?"

"பூ" என்றேன். "சாம்பல். சில நேரம் தேங்காய்த் தண்ணீர்."

"சாம்பல்..." என்றார் மெதுவாக. என் பெட்டி செத்த கதையைச் சொன்னேன். பட்டுச் சால்வையில் வந்தபோது அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, நானும் சிரித்துவிட்டேன். அதற்குப் பிறகு மகனுக்கு வாங்க வந்த அம்மா மறைந்து, இரண்டு பேர் ஒரு பெட்டியைப் பற்றிக் கதைத்தோம்.

அதே வலை முகத்தோடு மூடிய தலையுள்ள ஒரு வகை களஞ்சியத்தில் இருந்தது. தலை மூடினால் உள்ளே சில பாகை சூடு கூடும், அதை ஈடுசெய்ய முதுகில் பெரிய விசிறி போட வேண்டும் என்றார். சரி. பக்கச் சுவர் கண்ணாடியில்தான் வரும், தகரத்தில் இல்லை என்றார். எனக்குக் கண்ணாடி பிடிக்காது. சுவர்ப் பக்கம் திருப்பி வைக்கலாம். சரி. நிறம் வெள்ளை மட்டும்தான் மிச்சம். சந்தனமும் குங்குமமும் புழங்குகிற வீட்டில் வெள்ளை. அதற்கும் சரி. மேசைக்குக் கீழே போக வேண்டுமானால் இழுப்பறையைக் கழற்ற வேண்டும். அந்த இழுப்பறை மகள் விட்டுப்போன மேசையில் எனக்கென்று இருந்த ஒரே பூட்டுள்ள இடம். அதற்கு மட்டும் சரி சொல்ல ஒரு நிமிடம் எடுத்தது.

கடைசியாக ஒன்றை அவர் ஒளிக்காமல் சொன்னார். "இது கேட்கும்." காட்சிக்கு வைத்த ஒன்றைப் போட்டுக் காட்டினார். அடுத்த அறையில் யாரோ தலைமயிர் காய வைக்கிற மாதிரி ஒரு 'ஹூ'.

சூடு, தூசு, இடம், வடிவு, சத்தம். ஐந்தும் நல்லபடியாக அமைந்த பெட்டியை இந்த உலகத்தில் ஒருவரும் செய்யவில்லை. செய்கிறவன் ஏதாவது ஒன்றை விட்டுக்கொடுத்துத்தான் செய்கிறான். போன தடவை எதை விடுவது என்பதை என் கணவரும், ரமணனும், கீழ் வீட்டுக் கடிதமும் முடிவுசெய்தார்கள். காற்றை விட்டுக்கொடுத்தார்கள். இந்தத் தடவை முடிவு என்னுடையது. மௌனத்தை விட்டுக்கொடுத்தேன்.

கோழிக்கூடு

எரிந்த பகுதிகளுக்குப் பதிலாகப் புதியவற்றையும் வாங்கி, பெட்டியைப் பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கதவைத் திறந்த கணவர் வலை முகத்தைப் பார்த்தார்.

"உதென்ன, கோழிக்கூடோ?"

"ஓம், கோழிக்கூடுதான். கோழி மூச்சு விடும்."

"சத்தம் போடுமோ?"

"போடும்."

"உமக்கென்ன விசரோ? திரும்பவும் கீழையிருந்து கடிதம் வரப்போகுது."

"இஞ்சேருங்கோ, உங்கட ஹோட்டல் குசினியிலை புகையிழுக்கிற மெஷின் நிண்டால் என்ன செய்வியள்?"

இது அவர் எத்தனையோ முறை எனக்குச் சொன்ன கதை. அடுப்பையெல்லாம் அணைத்துவிட்டுப் பனிக்குள் வெளியே வந்து நிற்பார்களாம். அவர் வலை முகத்தை விரலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு உள்ளே போனார்.

அடுத்த நாள் ரமணன் உதவிக்கென்று வந்தார். வந்து கதிரையில் இருந்தார். நான் நிலத்தில் இருந்து பூட்டினேன். எந்த ஆணி எந்த ஓட்டைக்கு என்று கைப்பேசியில் காணொளி பார்த்துப் பார்த்து, ஒரு நாள் முழுக்க.

"அண்ணி, நான் தந்த பெட்டி எவ்வளவு வடிவு" என்றார் பெருமூச்சோடு.

"உங்கட பெட்டியிலை ஒரு குறையும் இல்லைத் தம்பி. ஆருக்கும் தெரியாமல் செத்துப்போச்சு. அவ்வளவுதான்."

கணவர் குசினிக்குள் நின்று சிரித்த சத்தம் கேட்டது. அவர் என் பக்கம் சாய்ந்த முதல் சத்தம் அது.

கீழ் வீடு

பொத்தானை அழுத்தினேன். 'ஹூ' என்றது. வீடு முழுக்கக் கேட்டது. மூவரும் நிலத்தைப் பார்த்தோம், ஃப்ராவ் எக்கர் ஓட்டை போட்டுக்கொண்டு மேலே வந்துவிடுவார் என்பதுபோல.

"கடிதம் வர முதல் கடைக்குத் திருப்பிக் குடும்" என்றார் கணவர்.

நான் செருப்பைப் போட்டுக்கொண்டு கீழே போனேன். மணியை அடித்தேன். இத்தனை வருடத்தில் அந்த மணியை அடித்தது அதுதான் முதல் தடவை. எழுபது வயதுக்கு மேற்பட்ட ஃப்ராவ் எக்கர் வீட்டுச் செருப்போடு கதவைத் திறந்தார்.

"புது யந்திரம் வாங்கியிருக்கிறேன். சத்தம் போடும். மேலே வந்து கேட்டுப் பாருங்கள்" என்றேன்.

என்னை மேலும் கீழும் பார்த்தார். ஆனாலும் வந்தார். எங்கள் வரவேற்பறையின் நடுவில், சரஸ்வதிக்கும் கோழிக்கூட்டுக்கும் இடையில் நின்று, தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"இதுவா?" என்றார். "இது விசிறி. இதையா நான் சொன்னேன்?"

"அப்போது நீங்கள் எழுதியது?"

"இது இல்லை." வாயை மூடிக்கொண்டு அடிவயிற்றிலிருந்து ஒரு 'ம்ம்ம்ம்' செய்து காட்டினார். "என் கட்டிலுக்கு மேலே. சுவருக்குள்ளே இருந்து வருவதுபோல."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. அந்த 'ம்ம்ம்' எனக்கு நன்றாகத் தெரியும். அடியில் ரப்பர் விரிப்பு இல்லாமல் சலவை யந்திரத்தை வைத்தால் நிலம் அப்படித்தான் முனகும். என் பழைய தகரப் பெட்டி பலகை நிலத்தில் நேரே குந்தியிருந்து, உள்ளே சுழன்ற வட்டுகளின் அதிர்வை அவருடைய கூரைக்குள் இறக்கியிருக்கிறது. காற்று வழியாகப் போன சத்தத்தை அவர் ஒருநாளும் கேட்கவில்லை. பஞ்சுச் சுவர், தடித்த கதவு, வருடக்கணக்கான வெக்கை எல்லாமே அவர் சொல்லாத ஒரு குறைக்கு நாங்கள் பார்த்த வைத்தியம். கறுப்புப் பெட்டி வந்த காலத்தில் அந்த வட்டுகள் பழுதாகி, சுழலாத புதியவற்றை நான் போட்டபோது முனகல் தானாகவே போயிருக்கிறது. அந்த நல்ல பெயர் கறுப்புப் பெட்டிக்குக் கிடைத்தது.

அந்தக் கடிதம் வந்த நாளில் ஒரு படி இறங்கிக் கேட்டிருந்தால் போதும். "எப்படிப்பட்ட சத்தம்?" என்ற ஒரு கேள்வி. நாங்கள் கேட்கவில்லை. கடிதம் வந்தால் கீழ்ப்படிகிறதுதான் எங்களுக்குத் தெரிந்த ஒரே பதில். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம்தான். ஃப்ராவ் எக்கரில் அல்ல.

சலவை அறையில் கழித்துப்போட்ட ஒரு கறுப்பு ரப்பர் விரிப்பை மேலாளரிடம் கேட்டு வாங்கி, வெட்டிப் பெட்டிக்கு அடியில் வைத்தேன். ஃப்ராவ் எக்கர் கீழே போய்க் கட்டிலில் ஏறிப் படுத்துக் கேட்டுவிட்டு, படியில் நின்று மேலே கத்தினார். "நூட்!" ஒன்றுமில்லை என்று அர்த்தம். அந்தக் கட்டடத்தில் அவர் கத்தியதை அன்றைக்குத்தான் கேட்டேன்.

ஓடுது

மிச்சம் பன்னிரண்டு நாள். காலை வேலை, மாலை வெட்டு. சாந்தி ஒவ்வொரு நாளும் அழைப்பார்.

"அக்கா, ஸ்டூடியோக்காரர் எங்கட மச்சாளிட்டைக் கேட்டவராம், படம் முடிஞ்சுதோ எண்டு. நான் என்ன சொல்ல?"

"ஓடுது எண்டு சொல்லுங்கோ."

"உண்மையாவோ அக்கா?"

தொலைபேசியை வலை முகத்துக்குக் கிட்டப் பிடித்தேன். 'ஹூ' என்றது.

"கேக்குது" என்றார் சாந்தி. "வடிவாக் கேக்குது."

அந்த ஞாயிற்றுக்கிழமை படம் ஓடியது. நடுவில் ஓரிடத்தில் பிள்ளையின் ஒரு கால் சலங்கை கழன்று மேடையின் ஓரத்துக்குப் போகும். அவள் அதைத் திரும்பிப் பார்க்காமல் மற்றக் காலால் தாளத்தை இரண்டு மடங்காக அடிப்பாள். அதை வெட்டச் சொல்லிப் பலர் சொன்னார்கள். நான் வெட்டவில்லை, சாந்தியும் வெட்டவேண்டாம் என்றார். மண்டபம் கை தட்டியது அந்த இடத்துக்குத்தான்.

வாசலில் ஸ்டூடியோக்காரர் நின்றார். நல்லாயிருக்கு என்று ஒரு வார்த்தை சொன்னார். "என்ன கொம்பியூட்டர் அக்கா?" என்று கேட்டார்.

"கோழிக்கூடு" என்றேன்.

அடுத்த வருடம்

மறுபடியும் நவராத்திரி. மறுபடியும் கத்திகள், புத்தகங்கள், வெள்ளைத் துணி. பெட்டி இரண்டு விரல் உயரக் காலில் நின்றது. வெள்ளை முகத்தில் வாங்கிய அன்று வைத்த சந்தனப் பொட்டு மங்கிய மஞ்சளாக ஒட்டிக்கொண்டிருக்க, அதன்மேலேயே புதுப் பொட்டு வைத்தேன். ஒரு சாமத்தியச் சடங்கு வீடியோ எழுதிக்கொண்டிருந்தது. 'ஹூ' என்ற சத்தம் வரவேற்பறை முழுக்க.

ரமணனும் வந்திருந்தார்.

"அண்ணி, பாட்டுப் படிக்கிற நேரமாவது நிப்பாட்டுங்கோவன். ஒரு அஞ்சு நிமிஷம்."

"அது தன்ரை பாட்டைப் படிக்குது தம்பி. நீங்கள் உங்கடையைப் படியுங்கோ."

அவர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் பட்டுச் சால்வையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து, ஏழு கத்திகளையும் தூக்கி, அவற்றுக்குக் கீழே சால்வையை விரித்துவிட்டு, கத்திகளைத் திரும்ப அடுக்கினார். (இதோ, நல்ல வார்த்தை. படித்துக்கொள்ளட்டும்.)

பாடினோம். விசிறியும் பாடியது. கணவர் கற்பூரத் தட்டை எடுத்துச் சரஸ்வதிக்குக் காட்டி, கத்திகளுக்குக் காட்டி, பெட்டிக்கு முன்னால் கொண்டுவந்தார். வலைக்குள் காற்றுப் போகிற இழுப்பில் சுடர் முன்னால் சாய்ந்தது.

"இஞ்சரும், உது சுடரை அணைக்கப்போகுது" என்றார்.

பெட்டி தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

தட்டோடு ஓர் அடி பின்னால் போனது அவர்தான்.